மணம் யாருக்கு?

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் முகூர்த்த நாளன்று மல்லியும் பிச்சியும் கையைச் சுடும் விலைக்குப் போகும். அந்த விலையைப் பார்த்த பிறகு, வீட்டிலேயே வாசனை ஜெல் செய்து பூஜையறையில் வைத்தால் என்ன என்று தோன்றுவது இயல்புதான். செய்வதும் எளிது. அகர் அகர் எனப்படும் கடற்பாசித் தூளைக் கொதிநீரில் கரைத்து, சூடு தணிந்து இறுகுவதற்கு முன் வாசனை எண்ணெய் சில துளிகள் விட்டு, பூஞ்சை பிடிக்காதிருக்கக் கொஞ்சம் உப்பும் சேர்த்துக் கிண்ணத்தில் ஊற்றினால் போதும். நீர் வற்ற வற்ற மணம் வெளியேறும். (மல்லிகையையே போட்டுக் கொதிக்க வைக்கலாமே என்று கேட்க வேண்டாம், அந்த மணம் கொதியில் நிற்காது.) கேள்வி செய்முறை பற்றியதல்ல. அந்த ஜெல் சாமிக்குப் படைத்ததாகுமா?

ஆகாது என்பவர்கள் முதலில் சுத்தத்தைப் பேசுவார்கள். ஜெல் செய்யக் கடையில் வாங்கும் ஜெலட்டின் மாட்டுத் தோல், பன்றித் தோல், எலும்பு இவற்றிலிருந்து எடுப்பது. அதைச் சாமி முன் வைக்கலாமா என்பார்கள். கடற்பாசிக்கு மாறினால் அந்தத் தடை போய்விடும். ஆனால் அந்தத் தடையே எனக்கு வலுவாகப் படவில்லை. பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் கண்ணப்பர், தாம் சுவைத்துப் பார்த்த இறைச்சியைப் படைத்தார். வாயில் கொண்டுவந்த நீரால் திருமஞ்சனம் செய்தார். தம் தலையில் செருகிய பூவையே சூட்டினார். சிவன் ஏற்றுக்கொண்டார். அதே பெரியபுராணத்தில்தான், திருவாரூர்க் கோயிலில் சாமிக்குரிய பூவில் ஒன்று கீழே விழுந்து கிடக்க, அதை எடுத்து மோந்த அரசியின் மூக்கைச் செருத்துணையார் அரிகிறார். கணவர் கழற்சிங்கர் பூவை எடுத்த கையையும் வெட்டுகிறார். தண்டனையின் கொடுமையை இன்று எவரும் நியாயப்படுத்த முடியாது. ஆயினும் இரண்டு கதைகளையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகிறது: மோந்த பூவா, மோக்காத பூவா என்பதல்ல விஷயம். கண்ணப்பர் தம்முடையதைச் சாமிக்குக் கொடுத்தார். அரசி சாமியுடையதைத் தமக்கு எடுத்துக்கொண்டார்.

இந்த அளவுகோலை வைத்தால் ஜெல் தோற்பது பொருளால் அல்ல, நோக்கத்தால். சமையல் வாடையும் ஈரவாடையும் நம் மூக்கில் ஏறாதிருக்கவே அதைச் செய்கிறோம். ஒருமுறை வைத்துவிட்டு வாரக்கணக்கில் மறந்திருக்கலாம் என்பதே அதன் வசதி. படையலோ தினமும் புதிதாகக் கொடுக்க வேண்டியது. காலையில் சூட்டிய பூ மறுநாள் நிர்மால்யம்.

ஊதுபத்தியும் கற்பூரமும் தொழிற்சாலையில் வருபவைதானே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் அவற்றை ஏற்ற ஒருவர் எதிரே நிற்க வேண்டும். ஏற்றியது அங்கேயே எரிந்து தீர்கிறது. மனம்தான் முக்கியம், பூசலார் நாயனார் மனத்திலேயே கோயில் கட்டவில்லையா என்பதும் நல்ல வாதமே. ஆனால் மனம் போதும் என்றால் பூவும் வேண்டாம், ஜெல்லும் வேண்டாம். அந்த வாதம் ஜெல்லுக்குத் தனிச் சலுகை எதுவும் தருவதில்லை. பொருளின் உயர்வு தாழ்வும் இங்கே கணக்கில்லை. அதே சங்கரன்கோவிலின் சங்கரநாராயணர் கோயிலில் பக்தர்கள் வாங்கிப் பூசிக்கொள்ளும் பிரசாதம் புற்றுமண். மலிவானதா, மணக்கிறதா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை.

ஆகவே ஜெல்லைத் தாராளமாகச் செய்யுங்கள், கூடத்தில் வையுங்கள், பூஜையறையிலும் வைத்துக்கொள்ளுங்கள். சாமிக்கு என்று தனியாக ஒரு பூவாவது வாங்குங்கள்.