மூன்றில் ஒருவர்

இதயத்தின் இரு கீழறைகளையும் சேர்த்துத் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கரால் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பலன் தெரிவதில்லை. யார் அந்த ஒருவர்? ஈசிஜியில் இதய மின்பாதையின் இடது கிளை அடைப்பும் 150 மில்லிசெகண்டைத் தாண்டிய கியூஆர்எஸ் அகலமும் இருந்தால், பலன் கிடைக்கும் என்று தைரியமாகப் பேசுவேன். பெரிய மாரடைப்புத் தழும்பு என்றால் குரல் இறங்கிவிடும். எக்கோ கைகொடுக்கும் என்றிருந்தோம். 2008இல் வந்த ப்ராஸ்பெக்ட் ஆய்வில், பலனை முன்கூட்டிச் சொல்ல எந்த ஓர் எக்கோ அளவும் தேறவில்லை.

"விதியா டாக்டர்?" என்கிறார், கருவி பொருத்தியும் பலன் தெரியாத ஒருவரின் மனைவி. விகிதம் கூட்டத்துக்குப் பொருந்தும்; அவருக்கு இருப்பது ஒரே கணவர். வள்ளுவர் ஊழுக்கும் அதிகாரம் வைத்தார், ஆள்வினையுடைமைக்கும் வைத்தார். நான் விதி என்று ஒப்புக்கொண்டால் தேடுவதை நிறுத்திவிடுவேன். "இன்னும் சொல்ல முடியாதும்மா. கம்பி சரியான இடத்தில் இருக்கிறதா, கருவி எத்தனை சதவீதத் துடிப்புகளைத் தருகிறது என்று முதலில் பார்க்கிறேன்."