பொட்டு வைத்த கேமரா

ஆயுத பூஜை அன்று தமிழ்நாட்டின் பல ஸ்டூடியோக்களில் கேமராவுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருப்பார்கள். லென்ஸ் கண்ணாடியில் பட்டுவிடாமல், ஃபிளாஷ் மாட்டும் மேட்டுக்குக் கீழே, அளவாக. பகுத்தறிவு பேசும் நண்பர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். உயிரில்லாத கருவிக்கு வழிபாடு எதற்கு என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இதே நண்பர்களில் சிலர், ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் கேமராவை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஓரங்கட்டிவிட்டுப் புதியது வாங்குகிறார்கள். ஏன் என்று கேட்டால் வரும் பதில்கள் இவை: "இதுல ஏதோ ஒண்ணு அமைய மாட்டேங்குது." "மாத்தினா நல்லா இருக்கும்னு தோணுது." "எல்லாரும் மாறிட்டாங்க." பெயர் எண்ணை மாற்றப் போகிறவர் சொல்வதும் ஏறக்குறைய இதுதான்.

குங்குமத்துக்கு ஆகும் செலவு இரண்டு ரூபாய். புதிய பாடிக்கு ஆவது பல நேரம் லட்சத்துக்கு மேல். இரண்டில் எது பெரிய பக்தி என்பதை வாசகர் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

புதியது வாங்குவதைத் தவறென்று நான் சொல்ல வரவில்லை. என்ன நடந்தால் உங்கள் நம்பிக்கை பொய் என்று ஒப்புக்கொள்வீர்கள் என்று மட்டும் கேட்கிறேன். "புதிய கேமரா வந்தால் என் படங்கள் மேம்படும்" என்கிறீர்கள். வந்தது, மேம்படவில்லை. உடனே, "இந்த பாடிக்குத் தகுந்த லென்ஸ் இல்லை" என்பீர்கள். லென்ஸ் வந்த பிறகு, "சாஃப்ட்வேர் சரியில்லை." அதற்குள் அடுத்த மாடல் வந்துவிடும். எந்த நிகழ்வாலும் பொய்யாக்க முடியாத கூற்று அறிவியலில் சேராது. பரிகாரம் பலிக்காதபோது இன்னொரு பரிகாரம் சொல்கிற பழைய தொழில்தான் இது, பூணூல் மட்டும் இல்லை.

பொய்யாக்கக்கூடிய வடிவத்தில் சொல்லிப் பார்ப்போம். நம் ஊர்க் கல்யாண ஆல்பத்தில் முழுப் பக்கத்துக்கு ஒரு படம், 12 அங்குலத்துக்கு 8 அங்குலம் என்று கொள்வோம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 3600 பெருக்கல் 2400, அதாவது 86 லட்சம் புள்ளிகள். 8.6 மெகாபிக்சல். 4கே தொலைக்காட்சித் திரையில் இருப்பது 3840 பெருக்கல் 2160. அது 83 லட்சம். 2008இல் வந்த நிக்கான் டி90 கேமராவிலேயே 12.3 மெகாபிக்சல் இருந்தது. ஆக, பதினைந்து வருடங்களுக்கு மேலாகப் பெரும்பாலானவர்களின் கையில் தேவைக்கு மேல் புள்ளிகள் இருக்கின்றன. அந்தப் படங்கள் போய்ச் சேரும் இடமோ வாட்ஸ்அப். நாம் வேறு மாதிரி கேட்காவிட்டால் அது சுருக்கித்தான் அனுப்பும். இன்னொன்று: 12 மெகாபிக்சல் 24 ஆனால் விவரம் இரட்டிப்பாவதில்லை. நீளவாக்கில் 1.4 மடங்குதான் கூடும். உண்மையாகவே இரட்டிப்பாக வேண்டுமானால் 48 வேண்டும். விளம்பரத்தில் பெரிதாக இருப்பது பரப்பின் எண். கண் பார்ப்பது நீளத்தை.

இதற்கு விலக்கு உண்டு. வேடந்தாங்கலில் தூரத்து மரத்தில் உட்கார்ந்திருக்கும் நத்தை குத்தி நாரையை எடுத்து, படத்தின் நடுவிலிருந்து வெட்டி எடுக்கிறவருக்கு 2017இல் வந்த டி850இன் 45.7 மெகாபிக்சல் வீண் இல்லை. பறக்கும் பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் புதிய மிரர்லெஸ் கேமராக்களின் ஃபோகஸும் உண்மையான முன்னேற்றம். பழைய கேமராவில் எவ்வளவு பழகினாலும் அது வராது. அவருக்குக் காரணம் இருக்கிறது. அதை வாயால் சொல்ல முடிகிறது, படத்தில் காட்ட முடிகிறது. சிக்கல், இந்தக் காரணத்தைக் கடன் வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் பிள்ளையைப் படம் எடுக்கிறவர் பேசும்போதுதான்.

சாட்சி வெளியே எங்கும் இல்லை, உங்கள் ஹார்டு டிஸ்க்கிலேயே இருக்கிறது. ஒவ்வொரு டிஜிட்டல் படமும் தன் ஜாதகத்தைத் தன்னோடு சுமந்துகொண்டிருக்கிறது: எந்த நேரம், எந்த லென்ஸ், ஷட்டர் எவ்வளவு, துவாரம் எவ்வளவு, ஐஎஸ்ஓ எவ்வளவு. கணித்துச் சொல்ல ஆள் தேவையில்லாத ஒரே ஜாதகம். போன வருடம் எடுத்த எல்லாவற்றையும் திறந்து, ஐஎஸ்ஓ வரிசைப்படி அடுக்கிப் பாருங்கள். இருட்டில் கேமரா திணறுகிறது என்று புலம்புகிறவரின் படங்களில் பெரும்பகுதி பட்டப்பகலில் ஐஎஸ்ஓ 400க்குள் எடுத்ததாக இருக்கலாம். அப்படியானால் அவர் விலை பேசிக்கொண்டிருப்பது தனக்கு இல்லாத நோய்க்கான மருந்தை. தோற்ற படங்களைத் தனியே எடுத்து வைத்து, ஒவ்வொன்றும் எதனால் தோற்றது என்று பக்கத்தில் எழுதுங்கள். கை ஆடியதா, ஃபோகஸ் தப்பியதா, நின்ற இடம் தவறா, வெளிச்சமே அசிங்கமா, எடுப்பதற்கே ஒன்றும் இல்லையா? கேமராவின் கணக்கில் எழுத முடிவது எத்தனை?

இதில் ஒரு தடங்கல் வரும். தோற்ற படங்களை நாம் அன்றைக்கே அழித்துவிடுகிறோம். தேறியது மட்டும் மிஞ்சுகிறது. சாட்சியைக் கொளுத்திவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறோம். மூன்று மாதம் எதையும் அழிக்காமல் வைத்திருங்கள். அதற்குப் பொறுமை இல்லையென்றால் உங்களுக்கு வேண்டியது விடை இல்லை, கேமராதான். அதையாவது நேராகச் சொல்லிவிட்டு வாங்கலாம். ஆசைப்பட்டு வாங்கினேன் என்பவனை நான் மதிக்கிறேன். ஆசைக்கு அறிவியல் வேஷம் கட்டுகிறவனோடுதான் எனக்கு வழக்கு.

வேஷம் தைத்துக் கொடுக்கிறவர்களையும் பார்க்க வேண்டும். ஜப்பானிய கேமரா நிறுவனங்களின் சங்கம் ஆண்டுதோறும் விற்பனைக்கு அனுப்பிய எண்ணிக்கையை வெளியிடுகிறது. 2010இல் அது 12 கோடிக்கு மேல். 2023இல் 77 லட்சம் அளவில் நின்றது. போன் வந்து சிறிய கேமராக்களைத் தின்றுவிட்டது. புதிதாக வந்து சேருகிறவர் குறைந்தால், ஏற்கெனவே வைத்திருப்பவரிடமே திரும்பத் திரும்ப விற்றாக வேண்டும். அதற்கு அவர் கையில் இருப்பது அவருக்குப் பிடிக்காமல் போக வேண்டும். யூடியூபில் விமர்சனம் செய்பவர் காணொளிக்குக் கீழே ஒரு சுட்டி கொடுக்கிறார், அதன் வழியாக நீங்கள் வாங்கினால் அவருக்குக் கழிவு. தோஷம் இருக்கிறது என்று சொல்பவரே பரிகாரப் பொருளும் விற்றால் சந்தேகப்பட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறோம். கேமரா விஷயத்தில் மட்டும் அவருக்கு "ஹானஸ்ட் ரிவ்யூ" என்று பெயர்.

ஃபுல் ஃபிரேம் என்ற பேச்சையும் கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம். 36 பெருக்கல் 24 மில்லிமீட்டர் சென்சாரின் பரப்பு, சாதாரண ஏபிஎஸ்-சி சென்சாரைவிட 2.3 மடங்கு. அதே துவாரம், அதே ஷட்டர் என்றால் இருட்டில் கிடைக்கும் லாபம் ஒரு ஸ்டாப்புக்கு, அதாவது இரட்டை வெளிச்சத்துக்கு, சற்று மேல். கேமராவோடு வந்த கிட் லென்ஸோ 55 மில்லிமீட்டரில் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. அதைக் கழற்றிவிட்டு 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸைப் போட்டால் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும், மூன்று ஸ்டாப்புக்கு மேல். பாடியின் விலையில் அது ஒரு சிறு பங்கு. ஜன்னல் பக்கம் இரண்டடி நகர்ந்து நிற்பதற்கு அதுவும் ஆகாது.

திரும்பி மறுபக்கத்தாரிடம் வருகிறேன். அவர்கள் இதுவரை தலையாட்டிக்கொண்டு படித்திருப்பார்கள். "பழசுதான் சார் உசத்தி. அந்த சிசிடி கலர் இப்ப வருமா?" இவர்களும் பக்தர்கள்தான், கோயில் மட்டும் வேறு. நிறத்தை முடிவு செய்வது சென்சாரின் மேல் படிந்திருக்கும் வண்ண வடிகட்டியும், அந்தச் சமிக்ஞையைப் படமாக்கும் கணிப்பும். அடியில் இருப்பது பழைய சிசிடி வகை சென்சாரா, புதிய சிமாஸ் வகையா என்பதற்கு அதில் பெரிய பங்கில்லை. கொடாக் சிசிடி சென்சாரோடு 2009இல் வந்த லைக்கா எம்9ஐத் தெய்வமாகக் கொண்டாடுகிறவர்கள், அதே சென்சாரின் மேல் கண்ணாடி அரித்துப்போய் நிறுவனம் மாற்றிக் கொடுக்க நேர்ந்ததைச் சொல்வதில்லை. பழமை ஒரு சான்று ஆகாது. அப்படி ஆகுமென்றால் நாம் எதிர்த்துப் பேசிவந்த பலவற்றுக்கும் அதே சான்றிதழைக் கொடுக்க வேண்டிவரும்.

பழைய கேமராவை வைத்திருப்பதே அறம் என்ற எண்ணமும் எல்லா இடத்திலும் செல்லாது. கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2008இல் வந்த கேனான் 5டி மார்க் 2 அந்தத் தொழிலையே மாற்றிய கேமரா. 21 மெகாபிக்சல், முழு எச்டி வீடியோ. இன்றும் அதில் எடுத்த படத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மெமரி கார்டு போட ஒரே ஓர் இடம். கார்டு செத்தால் கல்யாணமும் சேர்ந்து போகும். இது எவ்வளவு பெரிய விஷயம் என்றால், 2018இல் நிக்கான் இசட்6, இசட்7, கேனான் ஈஓஎஸ் ஆர் மூன்றும் ஒற்றைக் கார்டோடு வந்தபோது தொழில்காரர்கள் சத்தம் போட்டார்கள். 2020இல் வந்த அடுத்த மாடல்களில் இரண்டு இடம் வைத்தார்கள். எடுக்கும் ஒவ்வொரு படத்தையும் இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் எழுதும் வசதி அது.

"பதினஞ்சு வருஷமா இதுலதான் எடுக்கிறேன், ஒரு தடவைகூட கார்டு போனதில்லை" என்பார் அனுபவசாலி. போகாத வரை யாருக்கும் போனதில்லை. ராசியான கேமரா என்று அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இங்கே கவனிக்க வேண்டியது, பந்தயம் கட்டுவது அவர், பணயமாவது பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும். அவர்களுக்கு அந்தக் கேமராவில் எத்தனை கார்டு இடம் என்பது தெரியாது, கேட்கவும் தெரியாது. தாலியை மறுபடி கட்டச் சொல்லி எடுக்க முடியாது. (சுயமரியாதைத் திருமணத்தில் மாலை மாற்றுவதும் ஒருமுறைதான்.) தன் சேமிப்புக்காக அடுத்தவரின் ஒரே நாளை, அவருக்குத் தெரியாமல், ஆபத்தில் வைப்பது சிக்கனம் ஆகாது. அதற்கு வேறு பெயர் இருக்கிறது. மாற்றத்தான் வேண்டும். ஆனால் எதற்கு மாற்றுவது? 2010இல் வந்த நிக்கான் டி7000இலேயே இரண்டு எஸ்டி கார்டு இடம் உண்டு. செகண்ட் ஹேண்டில் நல்ல நிலையில் ஒன்று அகப்பட்டால், அறம் கோரும் அந்த மேம்பாடு, கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் புதுசைவிடப் பல மடங்கு மலிவாக முடிந்துவிடும். இதைச் சொல்லும் விமர்சகர் அபூர்வம். அதற்குப் பெரும்பாலும் கழிவு கிடையாது.

சிக்கனம் என்றதும் பெரியார் நினைவுக்கு வராமல் போகாது. கையெழுத்துக்கும், தன்னோடு நின்று படம் எடுத்துக்கொள்வதற்கும் காசு வாங்கி இயக்கத்துக்குச் சேர்த்தவர். கேமராவைப் பற்றி அவருக்கு இருந்த தெளிவு நமக்கு இல்லை: அதன் முன்னால் நிற்பதற்கு ஆசைப்படுகிறவர்கள் காசு கொடுப்பார்கள் என்று கண்டுகொண்டார். நாம் அதன் பின்னால் நிற்பதற்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம், தவணையில்.

"என் காசு, என் இஷ்டம்" என்று ஒரு வாதம் உண்டு. காசு உங்களுடையதுதான். பேட்டரிக்குள் இருக்கும் கோபால்ட் உங்களுடையது இல்லை. உலகத்தின் கோபால்ட்டில் பாதிக்கு மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்கே கையால் தோண்டும் சுரங்கங்களில் குழந்தைகளும் வேலை செய்வதை 2016இல் அம்னஸ்டி இன்டர்நேஷனல் அறிக்கையாக வெளியிட்டது. தூக்கி எறிந்த பிறகு நடப்பதும் அப்படித்தான். 2022இல் உலகம் உண்டாக்கிய மின்கழிவு 6.2 கோடி டன் என்கிறது ஐநா அமைப்புகளின் கணக்கு. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி ஆனதாகப் பதிவானது 22.3 சதவீதம். மிச்சத்தில் ஒரு பகுதி தில்லியின் சீலம்பூர் போன்ற இடங்களில் வெறும் கையால் உடைபடுகிறது.

இருந்தாலும் இதைப் பாவக் கணக்காக ஊதிப் பெரிதாக்கமாட்டேன். அந்த மலையில் கேமரா ஒரு கைப்பிடி. வருடா வருடம் போன் மாற்றுகிறவர் கேமராவை மாற்றாமல் வைத்திருப்பதைத் தியாகமாகச் சொல்லிக்கொள்வது, அசைவத்தை விட்டுவிட்டேன், வெள்ளிக்கிழமை மட்டும் என்பதைப் போன்றது. குற்ற உணர்ச்சியும் ஒரு சடங்காகிவிடும். விரதம் முடிந்ததும் பழையபடி இலை விரிப்போம். இதைவிட மோசமானது, வாங்கவும் செய்து, பழையதை விற்கவும் மனமில்லாமல் பீரோவில் பூட்டி வைப்பது. சென்னையின் ஈரத்தில் கொஞ்ச காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும், பேட்டரி உப்பும். ஒரு காட்சித் தொடர்பியல் மாணவருக்கு மூன்று வருடப் படிப்பைத் தாங்கியிருக்கக்கூடிய கருவி, யாருக்கும் உதவாத செண்டிமெண்டாகக் கிடந்து சாகும்.

முடிவெடுக்க முடியாமல் தவிப்பவருக்குச் சோதனை இருக்கிறது, விலையும் குறைவு. சென்னை, கோவை, மதுரை எங்கும் கேமரா நாள் வாடகைக்குக் கிடைக்கிறது. ஆசைப்படும் மாடலை ஒரு நாள் எடுத்து வாருங்கள். வழக்கமாக எடுப்பதை, வழக்கமாக எடுக்கும் இடத்தில், இரண்டிலும் எடுங்கள். ஆல்பம் அளவில் பிரிண்ட் போட்டு, எது எந்தக் கேமரா என்று பின்பக்கம் பென்சிலில் குறித்து, கலைத்து, வீட்டில் இருப்பவர்களிடம் நீட்டுங்கள். நீங்களும் உட்காருங்கள், வேறு யாராவது கலைத்துக் கொடுத்தால். பிரித்துச் சொல்ல முடிந்தால் வாங்குங்கள், தைரியமாக. என் ஆசீர்வாதம் தேவையில்லை, கொடுக்கவும் மாட்டேன்.

இதை நண்பர்களிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு ஒருவர் சொன்னார்: "வாடகைக்கு எடுத்துப் பாத்துட்டு, வித்தியாசம் தெரியலைன்னா அப்புறம் எப்படிங்க வாங்கறது?"