ஆட்டம் எப்போது முடியும்?

கல்லூரியில் என் அறைத்தோழனாக இருந்தவன் கொல்லிமலைக்காரன். செம்மேட்டிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி அவன் ஊர். போன மிளகு பறிப்புச் சமயத்தில் மூன்று நாள் அங்கே போய்த் தங்கினேன். நண்பனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. பெங்களூரிலிருந்து போனில், "நீ போயிட்டு வாடா, அப்பா உன்ன கேட்டுட்டே இருக்காரு. அப்படியே தம்பிகிட்டயும் கொஞ்சம் பேசு" என்றான்.

தம்பியிடம் என்ன பேச வேண்டும் என்பது காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அவன் பன்னிரண்டாம் வகுப்பு. தேர்வு முடிந்ததும் 25,000 ரூபாயில் ஒரு 'கேமிங் போன்' வேண்டும் என்கிறான். காசு மிளகு விற்று வரவேண்டும். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து, கொடியிலிருந்து கொத்துக் கொத்தாகப் பறித்து, உதிர்த்து, காயவைத்து விற்றால் வரும் காசு. அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "நீங்க கம்ப்யூட்டர் படிச்சவரு தம்பி. இதெல்லாம் வேண்டாம், கெட்டுப்போயிருவேன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா கேட்டுக்குவான்."

ஒரு வார்த்தைதான். ஆனால் அதை நான் சொல்லலாமா என்பதில்தான் சிக்கினேன்.

ஏனென்றால் என் வீட்டில் 50,000 ரூபாய்க்கு வாங்கிய கன்சோல் ஒன்று இருக்கிறது. அதைத் தவிர, கணினியில் தள்ளுபடிக் காலங்களில் வாங்கிச் சேர்த்த 200க்கும் மேற்பட்ட விளையாட்டுகள் இருக்கின்றன. முடித்தவை முப்பது தேறினால் அதிகம். வெள்ளிக்கிழமை இரவு சோபாவில் உட்கார்ந்து எதை விளையாடுவது என்று பட்டியலை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருப்பேன். ஒரு மணி நேரம் போய்விடும். பிறகு, இந்த வருடம் வந்த புது கிராபிக்ஸ் கார்டு பற்றி யாராவது பேசும் வீடியோவைப் பார்த்துவிட்டுத் தூங்கிவிடுவேன். விளையாடுவதைவிட, விளையாடப்போவதற்காக வாங்குவதில்தான் என் விளையாட்டு நடந்துகொண்டிருக்கிறது.

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றிப் புறநானூற்றில் வன்பரணரின் பாடல் ஒன்று உண்டு (153). ஓரியிடம் போன பாணர் கூட்டம் பொன்னும் யானையும் பெற்றது; பசியே இல்லாமல் போனதால் ஆடவும் பாடவும் மறந்துவிட்டது என்பார் புலவர். வள்ளலைப் புகழத்தான் சொல்கிறார். ஆனால் நான் அதை என் பட்டியலைப் பற்றிய பாட்டாகத்தான் படிக்கிறேன். எல்லாம் கையில் வந்த பிறகு ஆட்டம் மறந்துபோகும்.

மறந்துபோனவன் இன்னும் ஆட ஆசையோடு இருக்கிற பையனிடம் "வேண்டாம்" என்று சொல்வது நேர்மையா?

அன்று சாயங்காலம் தம்பி ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு ஐந்து போன்கள். ப்ராசஸர், ரேம், பேட்டரி, 120 ஹெர்ட்ஸ் திரை உண்டா இல்லையா, விலை. நான் அலுவலகத்தில் சர்வர் தேர்வு செய்வதைவிடக் கவனமாகச் செய்திருந்தான். "எதுண்ணா பெஸ்ட்டு?" என்று கேட்டான்.

இந்தக் கேள்வியைத்தான் நானும் எப்போதும் கேட்கிறேன். எது சிறந்தது? ஒரு ரூபாய்க்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும்? ஆனால் விளையாட்டைத் தேர்வது மிக்ஸி தேர்வது மாதிரி இல்லை. தி ங்யூயென் என்ற தத்துவவாதி 2020இல் எழுதிய புத்தகத்தில் ஒன்று சொல்கிறார். ஓவியன் வண்ணத்தில் வேலை செய்கிறான் என்றால், விளையாட்டைச் செய்பவர் நம்முடைய செயலில் வேலை செய்கிறார். நமக்கு என்ன வேண்டும், நம்மால் என்ன முடியும், எது தடை என்பதையெல்லாம் அவரே எழுதித் தருகிறார். விளையாடும் நேரத்துக்கு நாம் அந்த ஆசையைச் சட்டை மாதிரி எடுத்துப் போட்டுக்கொள்கிறோம். சதுரங்கத்தில் உட்காரும்வரை எனக்கு யாருடைய ராஜா மேலும் வன்மம் கிடையாது. உட்கார்ந்ததும் வருகிறது. எழுந்ததும் போய்விடுகிறது.

எழுந்ததும் போய்விட வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். சட்டையைக் கழற்ற முடிய வேண்டும். எனவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. என் ஆசையைச் சிறிது நேரம் யாரிடம் ஒப்படைக்கிறேன்? அவர் திருப்பித் தருவாரா?

திருப்பித் தராமல் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். நான் அதைச் செய்திருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் ஒரு செயலிக்கு அறிவிப்பு அனுப்பும் பகுதியை எழுதினேன். விளையாட்டுச் செயலிகூட இல்லை. புதிதாக வந்தவர்களில் எத்தனை பேர் மறுநாள் திரும்பினார்கள், ஏழாம் நாள் எத்தனை பேர், முப்பதாம் நாள் எத்தனை பேர் என்பது எங்கள் சுவரிலிருந்த திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். தொடர்ந்து வந்த நாட்களுக்கு ஒரு எண், ஒரு நாள் விட்டால் அது பூஜ்ஜியம். பயன்படுத்துபவர் வழக்கமாக எந்த நேரத்தில் போனை எடுப்பார் என்று கணக்கிட்டு, அதற்குச் சில நிமிடம் முன்னால் ஒரு செய்தி. ஏழாம் நாள் கோடு மேலே ஏறியபோது கேக் வெட்டினோம். நானும் சாப்பிட்டேன். அந்தக் கோட்டுக்குள் இருந்தவர்கள் சந்தோஷமாகத் திரும்பி வந்தார்களா என்று அந்த அறையில் நாங்கள் யாரும் கேட்கவில்லை.

இந்த மலைக்கு ஒரு பாவை உண்டு. கொல்லிப்பாவை. சங்கப் பாடல்களில் அது அழகுக்கு உவமை. தலைவியைப் பார்த்துக் கொல்லிப்பாவை போன்றவள் என்பார்கள். பின்னால் வழங்கிய கதையில் அது ஒரு பொறி. வருகிறவனைப் பார்த்துச் சிரிக்கும், மயக்கும், கொல்லும். மலையிலிருக்கும் எட்டுக்கை அம்மனை அந்தப் பாவையோடு சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு. அந்தப் பாவைக்குக் கோபம் கிடையாது, பகை கிடையாது. ஆள் வந்தால் சிரிக்கும், அவ்வளவுதான். நான் எழுதிய நிரலுக்கும் யார் மேலும் பகை இல்லை.

தம்பி ஆடுவது இலவசமாகக் கிடைக்கும் ஒரு சுடும் விளையாட்டு. ஒரு சுற்று இருபது நிமிடம். சுற்று முடியும், ஆட்டம் முடியாது. தினமும் வந்தால் பரிசு, பருவத்துக்கு ஒரு பாஸ், பருவம் முடிந்தால் தரவரிசை இறங்கிவிடும். மறுபடி ஏற வேண்டும்.

அரசுகள் இதைப் பார்க்காமல் இல்லை. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த பிஜிஎம்ஐ 2022இல் நீக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்பியபோது 18 வயதுக்குக் கீழே என்றால் நாளுக்கு 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 6 மணி நேரம் என்ற வரம்போடு வந்தது. தமிழ்நாடு 2022இல் சூதாட்டச் செயலிகளுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையே தடைசெய்தது. இவை தேவைதான். ஆனால் பணம் போனால் சட்டத்துக்குத் தெரிகிறது. பதினேழு வயதில் ஒருவனுக்குப் போகும் சாயங்காலங்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

இங்கேதான் வன்பொருள் வெறும் வன்பொருளாக இல்லாமல் ஆகிறது. முடிகிற விளையாட்டுகள் பெரும்பாலும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. அவற்றில் பலவற்றுக்குக் கணினியோ கன்சோலோ வேண்டும். முடியாத விளையாட்டுகள் இலவசம். சாதாரண போனில் ஓடும். என்னிடம் பணம் இருப்பதால் கதை சொல்லிவிட்டு என்னைப் போகவிடும் ஆட்டங்கள் எனக்குக் கிடைக்கின்றன. அவனிடம் இல்லாததால் விடாத ஆட்டம் கிடைக்கிறது. அதன் பிறகு நான் மலையேறிப் போய் அவனிடம் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேச வேண்டும்!

அன்றிரவு என் லேப்டாப்பில் 'வெண்பா'வைப் போட்டுக் கொடுத்தேன். டொரான்டோவில் உள்ள விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு செய்தது, 2023 ஜூலையில் வந்தது. எண்பதுகளின் கடைசியில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம். வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின். அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து போயிருக்கிறது. விட்டுப்போன வரிகளை யோசித்துக் கண்டுபிடித்து இட்லி முதல் பிரியாணி வரை சமைக்க வேண்டும். பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருது 2024இல் இதற்குக் கிடைத்தது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பளபளப்பான கிராபிக்ஸ் கார்டெல்லாம் தேவையில்லை.

நிண்டெண்டோவில் வேலை பார்த்த குன்பெய் யோகோய்க்கு இதுதான் கொள்கை. எல்லோருக்கும் பழகிப்போன, மலிவான தொழில்நுட்பத்தை எடுத்துப் புதிதாக யோசி என்பார். 1989இல் அவர் குழு செய்த கேம்பாயில் வண்ணமே இல்லை. நான்கு பென்சில் பேட்டரியில் நாள்கணக்கில் ஓடியது. அடுத்த வருடம் வண்ணத்திரையோடு வந்த கேம்கியர் ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் தின்றது. கேம்பாய் அதன் கலர் மாதிரியோடு சேர்த்து 11 கோடிக்கு மேல் விற்றது. 120 ஹெர்ட்ஸ் என்ற எண்ணுக்கும் ஆட்டத்தின் நன்மைக்கும் நேரடி உறவு கிடையாது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி இது. இதையும் அவனுக்குச் சொன்னேன்.

தம்பி 'வெண்பா'வை ஒரே மூச்சில் ஆடினான். அம்மாவும் பின்னால் நின்று, "மொதல்ல உளுந்த ஊறப்போடச் சொல்லுடா" என்றார்கள். முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, "அவ்ளோதானாண்ணா?" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "நல்லாருக்கு. ஆனா ஒன்றரை மணி நேரத்துக்குக் காசு குடுக்கணுமா?"

நான் என் வாதத்தையெல்லாம் வைத்தேன். பாவை, சட்டை, நான் எழுதிய நிரல், கேக், எல்லாம். பொறுமையாகக் கேட்டான். பிறகு சொன்னான்: "அதெல்லாம் சரிண்ணா. ஆனா என் செட்டு பசங்க யாரும் இதுல இல்லயே. ரெண்டு பேரு நாமக்கல் ஹாஸ்டல்ல இருக்கான், ஒருத்தன் திருப்பூர் போயிட்டான். ராத்திரி அதுலதான் நாங்க பேசிக்குவோம்."

என்னிடம் பதில் இல்லை. முடியாத ஆட்டத்தை நான் பொறியாக மட்டும் பார்த்தேன். அவனுக்கு அது ஊர்த் திண்ணை. யாரோ ஒரு நிறுவனம் திண்ணையைக் கட்டி வாடகையை நேரமாக வாங்குகிறது என்று சொல்லலாம். ஆனால் வேறு திண்ணை எங்கே இருக்கிறது என்று அவன் கேட்டால்?

மறுநாள் அப்பாவிடம் நான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. "விளையாடத்தான் கேக்கறான்ப்பா, படிக்கறதுக்குன்னு பொய் சொல்லல. விளையாடுறது தப்பில்ல. ஆனா 25,000க்கு அந்த போன் தேவையில்ல. இதுல பாதி வெலையில வர்ற போன்லயே அவன் ஆடுறது நல்லா ஓடும்" என்றேன். அவர் சிரித்தார். சின்ன வயதில் மாடு மேய்க்கப் போன இடத்தில் பாறையில் கோடு கிழித்து ஆடுபுலி ஆடியதைச் சொன்னார். மூன்று புலி, பதினைந்து ஆடு, கூழாங்கல்லும் புளியங்கொட்டையும். "நாங்களும் வெறி புடிச்சாப்ல ஆடுவோந்தான். ஆனா பொழுது சாஞ்சா காய் கண்ணுக்குத் தெரியாது. எந்திரிச்சு வந்துருவோம்."

எல்லா ஆட்டத்துக்கும் முன்பு வெளியிலிருந்து ஒரு முடிவு வந்தது. இருட்டு வந்தது, கேம்பாயில் பேட்டரி தீர்ந்தது, வாடகை சைக்கிளுக்கு மணி முடிந்தது. நாங்கள் அந்த இருட்டை அகற்றிவிட்டோம். இப்போது ஒவ்வொருவனும் தன் இருட்டைத் தானே கொண்டுவர வேண்டியிருக்கிறது. அது கெட்டிக்காரத்தனத்தால் வராது, அறிவுரையாலும் வராது. பக்கத்தில் விரும்பிச் செய்ய இன்னொன்று இருந்தால் ஓரளவு வரலாம்.

கிளம்பும்போது தம்பி பேருந்து நிறுத்தம்வரை வந்தான். "அந்தக் கவின் அவங்கம்மா மெசேஜுக்கு ஒழுங்கா பதிலே போட மாட்டேங்கறான்லண்ணா" என்றான் திடீரென்று. பெங்களூரில் இருக்கும் அண்ணனை நினைத்துச் சொன்னானா தெரியவில்லை. நான் கேட்கவில்லை. அந்த ஒன்றரை மணி நேரம் மறுநாளும் அவனுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அறிவிப்பு எதுவும் அனுப்பாமலே ஒரு ஆட்டம் அவனைத் திரும்ப வரவைத்திருக்கிறது.

பேருந்து வளைவுகளில் இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று நாளாக அவர்கள் மிளகுக் காசை எப்படிச் செலவழிக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தேன். என் அலமாரியில் இரண்டு வருடமாக மூடியே கிடக்கும் பழைய லேப்டாப் ஒருமுறைகூட ஞாபகத்துக்கு வரவில்லை. தேர்வைப் பற்றிய தத்துவமெல்லாம் வந்தது. கொடுக்கலாம் என்பது வரவில்லை. அதுவும் ஓரியின் மலையில்.

அடுத்த வாரம் பேட்டரி மாற்றி அனுப்பினேன். தேர்வு முடியும்வரை அப்பா அதைப் பெட்டியிலேயே வைத்திருந்தார். போனும் வாங்கினார்கள், 12,000 ரூபாயில். இரவில் அவன் இன்னும் நண்பர்களோடு அந்த ஆட்டத்தில்தான் இருக்கிறான். போன மாதம் ஒரு செய்தி அனுப்பினான்: "அண்ணா லேப்டாப்ல என்ன கேம் போடலாம்? எது பெஸ்ட்டு?"

பட்டியல் ஒன்றை எழுத ஆரம்பித்தேன். எழுதியதை அழித்துவிட்டு, "ஆடி முடிச்சப்புறம் என்ன செய்யணும்னு தோணுதோ அத எனக்குச் சொல்லு, அப்புறம் சேந்து யோசிக்கலாம்" என்று போட்டேன். அதே கேள்வியை எனக்கும் கேட்டுக்கொண்டேன். அந்த வெள்ளிக்கிழமை நான் பட்டியலைத் திறக்கவில்லை.