தெய்வத்தை விட்டு விலகினால்

கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டவன் வீட்டில் மாடு செத்தால், கிணறு வற்றினால், பிள்ளை பரீட்சையில் தவறினால் ஊர் உடனே காரணம் சொல்லிவிடும்: “சாமியை மறந்தான், சாமி அவனை மறந்துவிட்டது.” சிறுமலைக்கும் கொடைக்கானல் மலைக்கும் நடுவே கிடக்கிற எங்கள் திண்டுக்கல் சமவெளியில் இந்தப் பேச்சு இந்துக்களிடமும் உண்டு, கிறிஸ்தவர்களிடமும் உண்டு. நான் பிறந்தது கிறிஸ்தவக் குடும்பத்தில் அல்ல. ஆனால், புனித வளனார் கோயில் மணியைக் கேட்டு வளர்ந்தவன். பூசைக்குப் போகும் நண்பர்களோடு வாசல் வரை போய் நின்றவன். அந்த உரிமையில் கேட்கிறேன்: கிறிஸ்தவனாக வாழ்ந்தவன் தெய்வத்தை விட்டு விலகினால் அவனுக்கு உண்மையில் என்ன நேர்கிறது?

மாடும் கிணறும் இதற்குச் சாட்சி சொல்ல மாட்டா. மழை பொய்த்தால் ஜெபமாலை உருட்டுகிறவன் நிலமும் காய்கிறது, உருட்டாதவன் நிலமும் காய்கிறது. துன்பமெல்லாம் பாவத்தின் கூலி என்று வாதாடிய நண்பர்களை யோபுவின் கதையில் கடவுளே கடிந்துகொள்கிறார். அந்த வேதத்தை மடியில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்காரன் கஷ்டத்துக்குக் காரணம் கற்பிப்பது நியாயம்தானா?

விலகுவது என்பது பதிவேட்டைப் பொறுத்ததும் அன்று. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட டச்சுக்காரர்கள், உத்தியோகம் வேண்டுமானால் ஞானஸ்நானம் வேண்டும் என்று வைத்திருந்தார்கள். ஆயிரமாயிரமாகப் பெயர்கள் பதிவாயின. அந்த ஆட்சி போனதும் அவர்களில் பெரும்பாலோர் பழைய கோயில்களுக்கே திரும்பினார்கள். அவர்கள் தலையில் இடி விழவில்லை. விழுவானேன்? அவர்கள் விட்டு வந்தது உத்தியோகத்தின் நிபந்தனையைத்தான். தெய்வத்தை என்று எப்படிச் சொல்வது?

உண்மையான விலகல் வேறு விதமாக நடக்கிறது. எனக்குத் தெரிந்த புகையிலை வியாபாரி ஒருவர் இருந்தார். இளமையில் விடியற்காலைப் பூசைக்குத் தவறாதவர். தொழில் பெருகியபின் போவது குறைந்து, பிறகு நின்றே போயிற்று. ஊர் அவருக்கு ஏதேனும் நேரும் என்று காத்திருந்தது. எதுவும் நேரவில்லை, மாடி வீடுதான் எழுந்தது. முத்தழகுபட்டி செபஸ்தியார் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் அவர் அனுப்புகிற ஆடுகளும் ஒன்றுக்கு மூன்றாயின. ஆகஸ்டில் நடக்கும் அந்த விழாவில், நேர்ந்துகொண்டவர்கள் கொண்டுவருகிற ஆடு கோழிகளையெல்லாம் சேர்த்துச் சமைத்து, எந்தச் சாதி, எந்த மதம் என்று பாராமல் இரவெல்லாம் பந்தி நடக்கும். ஒரு காலத்தில் அவரும் அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர். பிற்பாடு ஆடு மட்டும் போயிற்று, அவர் போகவில்லை.

ஒரு நாள் அவர் கடையில் உட்கார்ந்திருந்தேன். வேடசந்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் புகையிலைச் சிப்பங்களோடு வந்தார். ஈரத்துக்கென்று எடையில் கழித்தார்கள்; கழித்தது அதிகம் என்பது எனக்கே தெரிந்தது.

“போன வருஷம் இவ்வளவு கழிக்கலையே, முதலாளி. மேலே ஒருத்தர் பாத்துக்கிட்டிருக்காரு” என்றார் விவசாயி.

“அவர் பாக்கட்டும்யா. நீ தராசைப் பாரு” என்று சிரித்தார் என் நண்பர்.

அவர் கெட்டவர் அல்லர். அந்தச் சிரிப்பில் கொடுமை இல்லை, கூச்சமும் இல்லை. கூச்சம் இல்லாததுதான் என்னை உறுத்திற்று. பேதுரு தம் குருவைத் தெரியாதென்று மூன்று முறை மறுத்தவர். ஆனால் சேவல் கூவியபோது அது அவர் காதில் விழுந்தது, அழுதார். விலகிப் பழகியவனுக்குச் சேவல் கூவுவது கேட்பதில்லை. ஊர் எதிர்பார்க்கிற தண்டனை வந்திருந்தால் அவன் விழித்துக்கொண்டிருப்பானோ என்னவோ! ஒன்றும் நேராமல் போவதுதான் அவனுக்கு நேர்கிற பெரிய கேடு.

வாசகர்கள் கேட்கலாம்: கடவுளே இல்லை என்று சொல்லிக்கொண்டு, தராசில் நூலிழை பிசகாதவர்கள் இல்லையா? இருக்கிறார்கள்; இந்தத் தமிழ்நாட்டில் நிறையவே பார்த்திருக்கிறேன். அவர்களுடைய மனசாட்சி வேறு அஸ்திவாரத்தில் நிற்கிறது. கிறிஸ்தவனுக்கோ, பசித்தவனுக்கும் சிறையில் இருப்பவனுக்கும் செய்தது தனக்கே செய்தது என்று அவனுடைய ஆண்டவர் சொல்லிவைத்துவிட்டார். தெய்வத்தையும் அயலானையும் சேர்த்து ஒரே முடிச்சாகப் போட்ட மதம் அது. ஒரு பக்கம் அவிழ்த்தால் மறுபக்கமும் தானே அவிழ்ந்துபோகும்.

தனி மனிதன் மட்டுமா? ஒரு கூட்டமே பூசையை விடாமல் தெய்வத்தை விட்டுவிடலாம். திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளம், தேவசகாயம் பிள்ளை 1745-ல் ஞானஸ்நானம் பெற்ற ஊர். சாதி பாராமல் எல்லோரோடும் பழகிய அவரை 2022-ல் புனிதர் என்று ரோமாபுரி அறிவித்தது. அதே ஊரில் கோயிலுக்குள்ளேயே தடுப்பு வைத்து, சாதிவாரியாகப் பிரிந்து நின்று பூசை கண்டார்கள். 1910-ல் அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டபோது, தனி இடம் எங்கள் உரிமை என்று ஒரு சாரார் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். அவர்கள் பூசையை வெறுத்தவர்கள் அல்லர். பூசைக்கு நிற்கிற இடத்துக்காகவே வழக்காடியவர்கள். 2003 வரை திண்டுக்கல்லும் சேர்ந்திருந்த திருச்சி மறைமாவட்டத்தில், மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்திலே செத்தவர்களுக்கு நடுவிலும் ஒரு சுவர் எழுந்தது. சுவர் வைத்தவர்கள் யாரும் கோயிலுக்குப் போவதை நிறுத்தியவர்களாக இருந்திருக்க மாட்டார்கள்.

அப்படியானால் திரும்பி வருவது எப்படி? வேதத்திலே சக்கேயு என்கிற வரிவசூல்காரன் வருகிறான். ஆண்டவர் அவன் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அவன் எழுந்து நின்று, சொத்தில் பாதி ஏழைகளுக்கு என்றான். ஏமாற்றி வாங்கியிருந்தால் நாலு பங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். இத்தனை நாள் எத்தனை முறை ஜெபிக்கத் தவறினாய் என்று ஆண்டவர் அவனைக் கேட்டதாக அந்தக் கதையில் இல்லை. விலகியது எந்தக் கணக்கில் என்று அவனுக்கே தெரிந்திருந்தது. அந்தக் கணக்கிலேயே திரும்பினான்.

என் புகையிலை நண்பருக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. ஆடு அனுப்புகிற நாளில் அவரும் போய், அந்த வேடசந்தூர் விவசாயிக்குப் பக்கத்து இலையில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால், கழித்த எடை தொண்டையில் நிற்கும், சேவலும் கூவும்.