முதியோருக்கு இடுவது தானமா?

தேசமும் காலமும் பாத்திரமும் அறிந்து, பிரதியுபகாரம் செய்ய வகையில்லாத ஒருவருக்கு, கொடுப்பது கடமை என்ற ஒரே எண்ணத்தோடு கொடுப்பதைத்தான் பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயம் சாத்விக தானம் என்று வகுக்கிறது. அந்த இலக்கணத்தை வைத்துப் பார்த்தால், நோயுற்ற முதியவருக்குச் செய்யும் வைத்திய உதவியைக் காட்டிலும் தூய தானம் இல்லையென்றே முதலில் தோன்றும். குழந்தையைக் காப்பாற்றினால் அது வளர்ந்து நம்மைத் தாங்கும். இளைஞனைப் படிக்கவைத்தால் குடும்பம் தலையெடுக்கும். எண்பது வயதுக் கிழவரின் முழங்காலைச் செவ்வையாக்குவதால் யாருக்கு என்ன வரவு? நானும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அமெரிக்க அறநிலையம் ஒன்றின் சரித்திரம் அந்த எண்ணத்தைக் கலைத்துவிட்டது.

ஜான் ஹார்ட்ஃபோர்டு, ஜார்ஜ் ஹார்ட்ஃபோர்டு என்ற சகோதரர் இருவர், தந்தை வழியாக வந்த ‘ஏ அண்ட் பி’ என்னும் தேயிலை, மளிகை வியாபாரத்தை, 1930-ஆம் ஆண்டளவில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளாக அந்நாடெங்கும் பரப்பினார்கள். 1929-இல் ஜான் ஹார்ட்ஃபோர்டின் பெயரால் ஓர் அறநிலையம் நிறுவப்பட்டது. 1951-இல் ஜானும் 1957-இல் ஜார்ஜும் காலமானபோது அவர்களுடைய திரவியத்தின் பெரும்பகுதி அதையே வந்தடைந்தது. 1982 முதல் அந்நிலையம் முதியோர் ஆரோக்கியத்தைத் தன் கைங்கரியமாக ஏற்றுக்கொண்டது. 2015-இல் கடைகளெல்லாம் விற்கப்பட்டோ மூடப்பட்டோ போயின. அறம் நடந்துகொண்டிருக்கிறது.

இந்த ஆண்டுகளைச் சற்றே கூட்டிப் பார்க்கவேண்டும். 1930-இல் இருபத்தைந்து முப்பது வயதில், கையில் கூடையோடு அக்கடைகளின் வாசற்படி ஏறி, காப்பித்தூளும் சர்க்கரையும் வாங்கிச் சில்லறை எண்ணிக் கொடுத்த பெண்மணிக்கு, 1982-இல் வயது எண்பதை நெருங்கியிருக்கும். அவள் விட்டுச்சென்ற அந்தச் சில்லறைதானே பல கோடியாகத் திரண்டு, இப்போது அவள் படுத்திருக்கும் கட்டிலைத் தேடி வந்தது! அப்படியானால் இது தானமாகுமா? பிரதியுபகாரம் செய்ய இயலாதவள் என்று நாம் கருதிய அந்த மூதாட்டி, உபகாரத்தை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்து முடித்துவிட்டாள். கணக்குப் புத்தகத்தில் இடது பக்கமும் வலது பக்கமும் மாறிப்போயிருப்பதுதான் நாம் கண்ட மயக்கம். ஒரு வணிகக் குடும்பத்துக்கு மட்டுமா இது பொருந்தும்? எந்தத் தலைமுறையின் செல்வத்திலும் முந்திய தலைமுறையின் கூலி கலந்தே இருக்கிறது. பித்ரு ருணம், அதாவது மூத்தோருக்குப் பட்ட கடன், என்று முன்னோர் சொன்னதை இறந்தவருக்கு இறைக்கும் எள்ளும் தண்ணீருமாக மட்டும் சுருக்கிக்கொண்டது நம்முடைய பிழை.

கடன் என்று சொல்லிவிட்டால் புண்ணியம் குறைந்துவிடுமோ என்று சிலர் அஞ்சக்கூடும். குறையட்டும், அந்த இடத்தில் பொறுப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். தானம் செய்கிறவன் கொடுத்ததோடு போய்விடலாம். கடன்பட்டவனோ பணம் உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தாகவேண்டும். ஹார்ட்ஃபோர்டு நிலையம் தன் மானியங்களைச் சிகிச்சைச் செலவுக்காகக் கொடுப்பதில்லை. அமெரிக்க முதியோரின் வைத்தியச் செலவை 1965-இல் சட்டமான மெடிகேர் திட்டம் பெரும்பாலும் ஏற்கிறது. மானியங்கள் மருத்துவருக்கும் செவிலியருக்கும் முதியோரைப் பேணும் வித்தையைக் கற்பிக்கவும், பேணும் முறைகளைப் பரீட்சிக்கவும் செலவாயின. முதுமையின் மனச்சோர்வைப் பற்றி அந்நிலையத்தின் உதவியால் நடந்து 2002-இல் வெளியான ஆய்வொன்றில், 1,801 முதியோருள் புதிய முறையில் கவனிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 45 பேருக்கு ஓராண்டில் நோய்க்குறிகள் பாதியாகவேனும் தணிந்தன. வழக்கமான முறையில் நூற்றுக்கு 19 பேருக்கே தணிந்தன. அளந்து பார்ப்பது அறத்துக்கு அழகல்ல என்போர் இதைக் கவனிக்கவேண்டும்.

2017-இல் அந்நிலையம் வேறு சில அமைப்புகளோடு சேர்ந்து, முதியோருக்கு இணக்கமான மருத்துவமனைக்கு நான்கு அங்கங்கள் வகுத்தது: மருந்து, மனநிலை, நடமாட்டம் என்ற மூன்றோடு, அவற்றுக்கெல்லாம் முன்னே, ‘உங்களுக்கு எது முக்கியம்?’ என்ற கேள்வி. தானம் இடுகிறவன் இக்கேள்வியைக் கேட்பது அரிது. கடன்காரனுக்குத்தான் கடன் கொடுத்தவரிடம், ‘எந்த விதமாகத் தரட்டும்?’ என்று கேட்கும் பணிவு வரும்.

என் பெரியம்மாவுக்கு இருதயத்தில் பலவீனம். மாத்திரைகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருப்பாள். நீர் மாத்திரை மட்டும் மிஞ்சிக்கொண்டே வரும், கால் வீங்கும், மருத்துவமனைக்குப் போனால் கடிந்து பேசி, மாத்திரையின் அளவைக் கூட்டி அனுப்புவார்கள். இரண்டு வருஷம் கழித்து, புதிதாக வந்த ஓர் இளம் பெண் மருத்துவர், சீட்டை ஒருபுறம் வைத்துவிட்டு, “பாட்டி, எதை விட்டுவிட உங்களுக்கு மனசில்லை?” என்று கேட்டார். “பிரதோஷம்” என்றாள் பெரியம்மா. கோவிலில் ஒதுங்க இடமில்லை. இரண்டு மணிக்குப் போட்டுக்கொண்டால் நந்தியின் அபிஷேகம் முடியுமட்டும் தாங்காது. அதனால் அன்றைக்கு நிறுத்தினாள், அந்தப் பயத்திலேயே மற்ற நாட்களிலும் விட்டுவந்தாள். மருத்துவர் அந்த ஒரு நாள் மட்டும் இரண்டு மணி மாத்திரையைப் பதினோரு மணிக்கே போட்டுக்கொள்ளும்படி சீட்டின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தார். பெரியம்மா அந்தச் சீட்டை விபூதி மடலுக்குள் மடித்து வைத்துக்கொண்டாள்.