மனசு வரட்டும் என்று காத்திருக்காதே!

"வேலைக்குப் போகவே மனசு வரல."

காலை நேரத்தில் கடலூர் செம்மண்டலத்தில் பஸ்ஸுக்கு நிற்பவர்களைக் கேட்டுப் பார். சிப்காட்டுக்குப் போகிற தம்பி சொல்வான். நெய்வேலிக்குப் போகிற அண்ணன் சொல்வார். ஜவுளிக்கடை கவுன்டருக்குப் போகிற தங்கச்சியும் சொல்வாள்.

நீயும் சொல்கிறாய். மறுக்காதே!

மூடு வந்தால் தொடங்குவேன். மேனேஜர் மாறினால் உழைப்பேன். சம்பளம் ஏறட்டும், அப்புறம் காட்டுகிறேன் நான் யாரென்று!

எத்தனை வருஷமாக இதையே சொல்கிறாய்? மூடு வந்ததா? மேனேஜர் மாறியபோதாவது நீ மாறினாயா?

வராது தம்பி. இப்படிக் காத்திருந்தால் எந்த மனசும் வராது. எது முதலில், எது பிறகு என்பதையே நீ மாற்றிப் போட்டிருக்கிறாய்!

1884-ல் வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் ஒரு கேள்வி கேட்டார். கரடியைப் பார்த்து பயந்து ஓடுகிறோமா? ஓடுவதால் பயப்படுகிறோமா?

ஓடுவதால்தான் பயம் என்றார் அவர். உடம்பு முதலில் இறங்குகிறது, உணர்ச்சி பின்னால் வருகிறது என்றார்.  பின்னால் வந்த வால்ட்டர் கேனன் போன்றவர்கள் அவர் சொன்னது முழுக்கச் சரியில்லை என்று வாதாடினார்கள்.

வாதாடட்டும்! அதில் பாதி உண்மை இருந்தாலே உனக்குப் போதும்.

பொங்கலுக்கு ஒட்டடை அடிக்க யாருக்கு மனசு வருகிறது? ஒரு மூலையைத் தட்டிய பிறகு யார் பாதியில் விடுகிறார்கள்? கை தொட்ட இடத்துக்கு மனசு தானாக வந்து சேரும். இது உனக்கு ஏற்கெனவே தெரியும். ஆபீஸில் மட்டும் ஏன் மறந்துபோகிறாய்?

"இல்லண்ணே, நான் எவ்வளவோ செஞ்சு பாத்துட்டேன். எதுவும் மாறல. இனிமே மாறாது."

இந்த வாக்கியம்தான் என்னைக் கோபப்படுத்துகிறது. உன் மேல் கோபமில்லை. இதை உன் மனசுக்குள் எழுதிவிட்டுப் போனவர்கள் மேல் கோபம்!

1967. மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்று இரண்டு இளம் ஆய்வாளர்கள். நாய்களுக்கு மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள். என்ன செய்தாலும் நிற்காத அதிர்ச்சி. கொடுமைதான்.

பிறகு அதே நாய்களை ஒரு பெட்டியில் விட்டார்கள். நடுவில் ஒரு சின்னத் தடுப்பு. ஒரு தாவு தாவினால் தப்பித்துவிடலாம்.

பல நாய்கள் தாவவில்லை. படுத்துக்கொண்டன. முனகிக்கொண்டே வலியைத் தாங்கின.

என்ன செய்தும் பயனில்லை என்று அவை கற்றுக்கொண்டுவிட்டன; உலகம் ஐம்பது வருஷம் இப்படித்தான் படித்தது.

2016-ல் அதே இருவரும் திரும்ப வந்தார்கள். நாங்கள் சொன்னது தலைகீழ் என்றார்கள்! மூளையை ஆராய்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்கள். நீண்ட வலிக்கு முன்னால் முடங்கிப் படுப்பதை யாரும் கற்றுக்கொள்வதில்லை. அது உடம்போடு பிறந்த இயல்பு. கற்றுக்கொள்ள வேண்டியது வேறொன்று: என்னால் இதை மாற்ற முடியும் என்பது!

புரிகிறதா? நீ சோர்ந்து கிடப்பது உன் குற்றமில்லை. ஆனால் எழுவது ஒரு பாடம். அந்தப் பாடத்தை நீ இன்னும் படிக்கவில்லை. அவ்வளவுதான்!

அந்த நாய்களுக்கு என்ன ஆனது தெரியுமா? கழுத்தில் கயிறு கட்டி இழுத்துத் தடுப்பைத் தாண்ட வைத்தார்கள். ஒரு முறை, இரண்டு முறை, பல முறை. பிறகு அவை தாமாகவே தாவின.

முதல் தாவலில் நம்பிக்கை இருந்ததா? துளியும் இல்லை. தாவிய பிறகுதான் வந்தது!

உன்னைக் கயிறு கட்டி இழுக்க யார் வருவார்? நீதான் இழுத்துக்கொள்ள வேண்டும்.

"நாய்க்கதை வேணாம். மனுசன் கதை சொல்லு" என்கிறாயா? சொல்கிறேன்.

கோழிக்கோடு, மிட்டாய்த் தெரு. கடைகளில் நின்ற பெண்கள். காலையிலிருந்து இரவு வரை நின்றே ஆக வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. கழிப்பறை கிடையாது. தண்ணீர் குடிக்காமல் இருந்துகொள் என்றார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் சிரிக்க வேண்டும்! அந்தச் சிரிப்பும் உழைப்புதான். ஆர்லி ஹோக்ஷீல்ட் என்ற சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களைப் பார்த்து 1983-ல் ஒரு புத்தகமே எழுதினார். உள்ளே அழுதுகொண்டு வெளியே சிரிப்பதற்கும் மனிதர்கள் விலை கொடுக்கிறார்கள் என்றார். கவுன்டரில் நிற்கும் தங்கச்சி, மாலையில் உனக்கு வரும் அந்த வெறுமை சோம்பேறித்தனம் இல்லை. நீ நாள் முழுக்க உழைத்திருக்கிறாய்!

அந்தத் தெருவில் விஜி என்ற தையல்காரப் பெண் எழுந்தார். 'பெண்கூட்டு' என்று ஒரு அமைப்பைத் தொடங்கினார். பணம் இல்லை. பெரிய ஆள் பலம் இல்லை. மூடு வரட்டும் என்று அவர் காத்திருந்தாரா? வேலை போய்விடுமே என்ற பயம் அந்தப் பெண்களுக்கு இல்லையா? இருந்தது. பயத்தோடுதான் தெருவுக்கு வந்தார்கள்!

2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார உரிமை!

2021 செப்டம்பரில் தமிழ்நாடும் திருத்தியது. சட்டமன்றத்தில் அந்த மசோதாவைக் கொண்டுவந்தவர் யார்? அன்றைய தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ.கணேசன். நம் கடலூர் மாவட்டம், திட்டக்குடித் தொகுதிக்காரர்!

உன் கடையில் இன்னும் நாற்காலி இல்லையா? கேள்! சட்டம் உன் பக்கம் இருக்கிறது. கூனிக்குறுகிக் கேட்காதே. நிமிர்ந்து கேள்!

ஆனால் நாற்காலி வந்த பிறகும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

1950-களில் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்பவர் பிட்ஸ்பர்க் நகரத்தில் சுமார் இருநூறு பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேச வைத்தார். வேலையில் நீ துள்ளிக் குதித்த நாள் எது? வெறுத்துப்போன நாள் எது?

இரண்டுக்கும் ஒரே காரணம் வரும் என்றுதானே நினைப்போம்? வரவில்லை!

வெறுத்த நாளைக் கேட்டால் நிர்வாகத்தைச் சொன்னார்கள், மேலதிகாரியைச் சொன்னார்கள், வேலை செய்யும் இடத்தைச் சொன்னார்கள். துள்ளிய நாளைக் கேட்டால் வேறு சொன்னார்கள். நான் ஒன்றைச் செய்து முடித்தேன். என்னை மதித்தார்கள். என்னை நம்பி ஒரு பொறுப்பைக் கொடுத்தார்கள்.

சம்பளமும் நாற்காலியும் மின்விசிறியும் வலியைப் போக்கும். போக்கியே தீர வேண்டும்! அதற்காகச் சண்டை போடு. ஆனால் அவை நெருப்பு மூட்டாது. நெருப்பு, செய்து முடித்த வேலையிலிருந்து வருகிறது.

நீ கடைசியாக எதைச் செய்து முடித்தாய்? பெயர் சொல். தேதி சொல்!

தடுமாறுகிறாயா? அங்கேதான் இருக்கிறது உன் நோய். மேனேஜரிடம் இல்லை.

"அதெல்லாம் பொறப்புலயே வரணும்ணே."

பொய்! இந்தச் சாக்கை 1960-களிலேயே உடைத்துவிட்டார்கள். டேவிட் மெக்கிலெலண்ட் என்ற உளவியலாளர் நம் பக்கத்து ஆந்திராவில், காக்கிநாடாவைத் தேர்ந்தெடுத்தார். அங்கிருந்த சாதாரண வியாபாரிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். சாதிக்கும் வேட்கையைச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி. பிறகு பார்த்தால், பயிற்சி பெறாத ராஜமுந்திரி வியாபாரிகளைவிட இவர்கள் அதிகமாகப் புதுத் தொழில்களில் இறங்கியிருந்தார்கள். அவர்கள் கடைத்தெரு மாறவில்லை, ஊர் மாறவில்லை, ஆட்களும் மாறவில்லை!

பிறப்பு என்று இனிமேல் சொல்லாதே. இந்த மண்ணில் நின்றுகொண்டு சொல்லவே சொல்லாதே!

சிதம்பரத்தில் சாமி சகஜானந்தர் 1916-ல் நந்தனார் பெயரில் பள்ளிக்கூடம் தொடங்கினார். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்காக. கோயில் வாசலைக்கூட மிதிக்க விடாத காலம் அது. அந்தப் பிள்ளைகளிடமும் பிறப்பைத்தான் காட்டினார்கள். அவர் சிலேட்டைக் காட்டினார்!

கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934-ல் பிறந்த ஒரு பையன் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டான். அச்சகத்தில் வேலை செய்தான். செருப்புக்கடையில் வேலை செய்தான். அடுத்தவர் எழுத்துக்குப் பிழை திருத்தினான். 'நமக்குத் தகுந்த வேலையா இது' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டானா? வேலை பார்த்த இடத்தையே பள்ளிக்கூடமாக்கிக்கொண்டான்!

ஜெயகாந்தன். 1972-ல் சாகித்ய அகாதெமி. 2002-ஆம் ஆண்டுக்கான ஞானபீடம். உன் பஸ் தினமும் தாண்டிப் போகிற ஊர்தானே மஞ்சக்குப்பம்?

"பலன் கெடைக்கும்னு தெரிஞ்சா உழைக்கலாம். தெரியலையே?"

நியாயமான கேள்வி. விக்டர் வ்ரூம் 1964-ல் இதையேதான் எழுதினார். முயன்றால் முடியுமா? முடிந்தால் கிடைக்குமா? கிடைப்பது எனக்கு வேண்டியதுதானா? இந்த மூன்றில் ஒன்று பொய்த்தாலும் மனிதனுக்குக் கை ஓடாது.

சரி, நெய்வேலிக்கு வா.

1935. ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டினார். கறுப்பாக ஏதோ வந்தது. நிலக்கரி என்று யாருக்குத் தெரியும்? அவர் விடவில்லை. வெளியே கொண்டுபோய்க் காட்டினார், சொன்னார், வலியுறுத்தினார்.

நிலக்கரி நிறுவனம் வந்தது 1956-ல்! சுரங்க வேலையை நேரு தொடங்கிவைத்தது 1957 மே மாதம். பழுப்பு நிலக்கரியைத் தொட்டது எப்போது? 1961 ஆகஸ்டில்!

நாலு வருஷம். தோண்டத் தோண்ட மண். பிறகும் மண். அடியில் முட்டிக்கொண்டு நிற்கும் ஊற்று நீர் வேறு. இறைக்காமல் விட்டால் சுரங்கத்தையே விழுங்கிவிடும். இரவும் பகலும் இறைத்தார்கள், தோண்டினார்கள். கரியின் நிறத்தைக்கூடப் பார்க்காமல் நாலு வருஷம்!

நிலத்தைக் கொடுத்த கிராமங்களின் கண்ணீர் பெரிய கதை. அதை மறந்துவிட்டு நெய்வேலியைப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் அந்தக் குழிக்குள் இறங்கிய தொழிலாளியின் கையை நினைத்துப் பார். மேலே வந்த ஒவ்வொரு பிடி மண்ணையும் அவன் 'பலனில்லை' என்று எண்ணியிருந்தால்?

நீ மூன்று மாதம் தோண்டிவிட்டு "ஒண்ணும் கெடைக்கல" என்கிறாய்!

பயமாக இருக்கிறதா? இருக்கட்டும். நேர்காணலுக்கு முன்னால், மீட்டிங்கில் எழுந்து பேசுவதற்கு முன்னால், நெஞ்சு அடித்துக்கொள்கிறதா?

அதை அடக்காதே. "பயப்படாதே, அமைதியாக இரு" என்று உனக்கு நீயே சொல்லிக்கொள்ளாதே. ஆலிசன் உட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2014-ல் சோதித்துப் பார்த்தார். பாடச் சொன்னார், மேடையில் பேசச் சொன்னார், கணக்குப் போடச் சொன்னார். 'நான் உற்சாகமாக இருக்கிறேன்' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பயத்துக்கும் உற்சாகத்துக்கும் ஒரே படபடப்புதான். அதற்கு நீ என்ன பெயர் வைக்கிறாய் என்பதில் இருக்கிறது எல்லாம்!

தோற்றுவிடுவேன் என்கிறாயா? தோற்பாய்தான்! சில முறை கண்டிப்பாகத் தோற்பாய். ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் ஒரு கேள்விக்காகப் பல வருஷங்களைச் செலவிட்டார். 'என்னால் முடியும்' என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது? புகழ்ச்சியிலிருந்தா? பேச்சைக் கேட்பதிலிருந்தா? கொஞ்சம் வரும். எல்லாவற்றையும்விட வலுவாக வருவது, நீயே முட்டி மோதிச் செய்து பார்த்ததிலிருந்து!

ஆகவே என் கட்டுரையும் உனக்குக் கொஞ்சம்தான் உதவும். மீதி உன் கையில்.

உன் இடத்தில் யாரும் தொடாத வேலை ஒன்று கிடக்கிறது. அடிக்கடி நின்றுபோகும் ஒரு இயந்திரம். மாதக்கணக்கில் ஒத்துப்போகாத ஸ்டாக் கணக்கு. திரும்பத் திரும்ப வரும் ஒரே புகார். எதுவென்று உனக்குத் தெரியும். எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். நீயும்தான்.

நாளைக்கு அதைக் கையில் எடு! முழுக்க வேண்டாம். ஒரு மூலையை மட்டும் சரிசெய். முடித்த தேதியை எழுதிவை. 'கடைசியாக எதைச் செய்து முடித்தாய்' என்று நான் கேட்ட கேள்விக்கு அதுதான் உன் முதல் பதில்.

அதை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போ. "சார், இதை முழுசா நான் பாத்துக்கிறேன். என் பொறுப்புல விடுங்க" என்று சொல். குரல் நடுங்கினாலும் சொல்!

முடியாது என்பாரா? அடுத்த வாரம் இன்னொரு மூலையைச் சரிசெய்து எடுத்துக்கொண்டு போய், திரும்பக் கேள்!