பத்திரிகைச் சுதந்திரமும் நல்வாய்மையும்

பத்திரிகைச் சுதந்திரம் என்பது யாருடைய சுதந்திரம்? அச்சிடுவோனுடையதா, படிப்போனுடையதா? அன்றி, எவனைப் பற்றி எவரும் எழுதுவதே இல்லையோ, அவனுக்கும் அதில் பங்குண்டா? பௌத்தராகிய நாம் இவ்வினாவை ஆராய்தல் கடமையாகும். இதற்குத் தக்க சான்று ஒன்று, நாம் வாழும் ஆகுர்டிக்கு அண்மையிலுள்ள புனே நகரிலேயே கிடைக்கின்றது.

புனேயிலிருந்து வெளிவரும் 'கேசரி' என்னும் மராத்தி இதழை அறியாதார் இலர். அதில் வந்த எழுத்துக்களுக்காகப் பாலகங்காதர திலகர் 1897-ல் சிறை புகுந்தார்; 1908-ல் மீண்டும் ஆறாண்டுத் தண்டனை பெற்று மாண்டலே சிறைக்கு அனுப்பப்பட்டார். அன்னிய அரசின் முன் எழுதுகோலைத் தாழ்த்தாத அவ்விதழின் நெஞ்சுரத்தை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும், 1920-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி பாபாசாகேப் அம்பேத்கர் 'மூக்நாயக்', அதாவது ஊமையரின் தலைவன், என்னும் இதழைத் தொடங்கியபோது, அதனை அறிவிக்கும் விளம்பரத்தைக் கட்டணம் பெற்றுக்கொண்டு வெளியிடவும் அதே கேசரி இசையவில்லை. எழுத்துரிமைக்காகச் சிறை சென்றவரின் இதழ், பிறந்தது முதல் வாயடைக்கப்பட்டவர்கள் காசு கொடுத்துக் கேட்ட சில வரிகளை மறுத்தது.

இதில் சட்டத்தை மீறிய செயல் ஏதுமில்லை. எதனை வெளியிடுவது, எதனை விடுப்பது என்பது பத்திரிகை நடத்துவோரின் உரிமையே. அவ்வுரிமையைக் கொண்டே ஒரு பெருங்கூட்டத்தின் குரல் மறைக்கப்பட்டது. ஆகவே, வாயை அடைப்பதற்கு அரசுதான் வேண்டும் என்பதில்லை. பத்திரிகையே அத்தொழிலைச் செய்யவல்லது.

தமிழகத்தில் நம் முன்னோர் இதனை முன்னரே உணர்ந்திருந்தனர். பண்டித அயோத்திதாசர் 1907-ம் ஆண்டு ஜூன் 19-ந் தேதி சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டில் 'தமிழன்' எனப் பெயர் மாறிய அவ்விதழை, 1914-ல் மறையும்வரை அவர் நடத்தி வந்தார். பிறர் தாளில் இடம் பெறாதவர் தமக்கென ஒரு தாளை ஆக்கிக்கொண்டனர். நம் சங்கத்தின் இச்சிறு ஏடும் அவ்வழி வந்ததேயாகும்.

அவ்வழி வந்தோம் என்பதனாலேயே நாம் தூயவராகிவிடுவோமா? பகவான் அருளிய எண்வழிப் பாதையில் நல்வாய்மை ஓர் அங்கம். பொய், கோள், கடுஞ்சொல், வீண்பேச்சு ஆகிய நான்கையும் நீக்குவதே நல்வாய்மை. மணிமேகலையும் வாக்கினால் விளையும் தீவினைகளாக இந்நான்கையே எடுத்துரைக்கின்றது. மேலும், உண்மையும் நன்மையுமாகிய சொல்லைக் கேட்போருக்குக் கசப்பினும் காலமறிந்து கூறுவதும், இனிய பொய்யை ஒருபோதும் கூறாதிருப்பதும் ததாகதரின் இயல்பென அபயராஜகுமார சுத்தம் விளக்குகின்றது. இவ்வளவுகோலைக் கொண்டு அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றை நோக்குவோம்.

2018-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி, புனே மாவட்டத்துக் கோரேகாவ் பீமாவிலுள்ள வெற்றித்தூணுக்கு வணக்கம் செலுத்தச் சென்ற நம் மக்கள் தாக்கப்பட்டனர், கலகம் மூண்டது. அதற்கு முந்தைய நாள் புனேயில் நடந்த எல்கார் பரிஷத் கூட்டத்தைக் குறித்துத் தொடுக்கப்பட்ட வழக்கில் எழுத்தாளரும் வழக்கறிஞரும் கைதாயினர். அவர்களைச் சார்ந்தன எனப்பட்ட கடிதங்கள், நீதிமன்றம் ஆராய்ந்து முடிவு கூறுமுன்னரே தொலைக்காட்சிகளில் பரப்பப்பட்டன. அவ்வாண்டு செப்டம்பர் 28-ந் தேதி உச்ச நீதிமன்றத்தில் மாறுபட்ட தீர்ப்பளித்த நீதிபதி சந்திரசூட், செய்தி நிறுவனங்களின் வாயிலாகப் பொதுமக்கள் கருத்தை உருவாக்கக் காவல்துறை முற்பட்டதைக் கண்டித்தார். திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி, அவ்வழக்கில் 2020 அக்டோபரில் கைதாகி, வழக்கு விசாரணை தொடங்காமலேயே 2021-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி உயிர் நீத்தார். தொலைக்காட்சி அவரைக் குறித்துத் தீர்ப்பு வழங்கியாயிற்று. நீதிமன்றத்தின் தீர்ப்பை அவர் கேட்கவே இல்லை.

1943-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி இதே புனேயில் ரானடே நினைவுச் சொற்பொழிவாற்றிய பாபாசாகேப், முன்னர் ஓர் அறப்பணியாயிருந்த பத்திரிகைத் தொழில், சவர்க்காரம் செய்து விற்பதைப் போன்றதொரு வாணிபமாகிவிட்டதென வருந்தினார். அவ்வருத்தம் இன்றும் பொருந்துவதை எவர் மறுப்பர்?

பிறர் குற்றத்தை இதுவரை கூறினோம். இனி நம் குற்றத்தையும் கூறுதல் வேண்டும். அக்கலகத்தன்று உயிரிழந்தவர் நம்மவர் அல்லர். மராத்தா வகுப்பைச் சேர்ந்த 28 வயது இளைஞர். ஆண்டுதோறும் அந்நாளைக் குறித்து நம்மவர் எழுதும் கட்டுரைகளில் அவரது மரணம் எத்தனை முறை இடம்பெற்றிருக்கின்றது? யான் எழுதியவற்றில் ஒருமுறையேனும் இல்லை. பொய் ஏதும் எழுதினேனல்லேன். ஆனால் உரைக்கவேண்டிய ஒன்றை உரையாது விடுத்தேன். கேசரி நமக்குச் செய்ததையே, சிறிய அளவில், அவரைப் பெற்றோருக்கு யான் செய்தேன்.

"நம்மைக் குறித்து நாடெங்கும் அவதூறு பரவும்போது, நாமே எதிரியின் கையில் ஆயுதம் தருவதா?" என அன்பர்கள் வினவக்கூடும். வலுவான வினாவே. நம்மிடம் பெரிய அச்சகங்கள் இல்லை. தொலைக்காட்சி நிலையங்கள் இல்லை. ஆனால், இவர்கள் சொன்னால் நம்பலாம் என்னும் பெயரை நாம் ஈட்டிக்கொள்ள இயலும். நமக்குச் சாதகமானதை மட்டும் உரைப்போமாயின், நாளை நம் வீதியில் உண்மையாகவே ஒரு கொடுமை நிகழ்ந்து நாம் கதறும்போது, அதனை நம்புவார் யார்? அன்றியும், பயன் கருதியா நாம் சீலம் எடுத்தோம்?

"அப்படியாயின் இந்நெறியை அரசே சட்டமிட்டு நடத்தட்டுமே" என்பாரும் உளர். அது தவறான வழியாகும். 1950-ல் சென்னை அரசு, பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்னும் இதழைத் தன் எல்லைக்குள் நுழையவொட்டாது தடுத்தது. உச்ச நீதிமன்றம் ரொமேஷ் தாப்பர் வழக்கில் அத்தடையைச் செல்லாதெனத் தள்ளிற்று. 1975-ல் நெருக்கடிநிலையின்போது ஏடுகள் தணிக்கைக்கு உள்ளாயின. எல்லைகளற்ற செய்தியாளர் அமைப்பு 2025-ல் வெளியிட்ட பத்திரிகைச் சுதந்திர வரிசையில், 180 நாடுகளுள் இந்தியா 151-வது இடத்தில் நின்றது. ஆள்வோர் கையில் கொடுக்கும் கடிவாளம் பொய்யனை மட்டும் இழுத்துப் பிடிப்பதில்லை. உண்மை பேசுவோனையே முதலில் இழுத்துப் பிடிக்கும்.

பகவானின் சீலங்கள் எவரும் இட்ட கட்டளைகள் அல்ல. ஒவ்வொருவரும் தாமே விரும்பி மேற்கொள்ளும் பயிற்சிகள் அவை. பத்திரிகை ஒழுக்கமும் அவ்வாறே அமைதல் வேண்டும். வெளியிலிருந்து சுமத்தப்பட்டால் அது வாய்ப்பூட்டு. உள்ளிருந்து ஏற்கப்பட்டால் அது சீலம். ஆதலின் சுதந்திரமும் ஒழுக்கமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. சுதந்திரம் உள்ளவனே சீலம் காக்க இயலும்.

இது பத்திரிகை நடத்துவோருக்கு மட்டும் உரியதென எண்ணற்க. இன்று கைப்பேசி உடையார் அனைவரும் செய்தி பரப்புவோரே. வந்த செய்தியை ஆராயாது பிறருக்கு அனுப்பாதிருத்தல், எதிர்த்தரப்பாரின் கூற்றையும் கேட்டல், பிழை நேர்ந்தால் பிழை பரப்பிய இடத்திலேயே திருத்தம் கூறுதல், நமக்குக் கசப்பான உண்மைக்கும் இடமளித்தல் ஆகிய இந்நான்கையும் நம் இல்லங்களில் தொடங்குவோமாக. இவ்வேடும் இவற்றை மேற்கொள்ளல் வேண்டும். யான் விடுத்ததை இக்கட்டுரையில் கூறியது அதன் தொடக்கமே.

ஆகுர்டிக்கு அடுத்த ரயில் நிலையம் தேகு ரோடு. அங்குள்ள விகாரையில் 1954-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி பாபாசாகேப் பகவானின் திருவுருவை நிறுவினார். அத்திருவுருவின் முன் நின்று நாம் பஞ்சசீலம் ஓதுகின்றோம். நான்காவது சீலத்தை ஓதும்போது, நாம் கூறிய பொய்களோடு, கூறாது மறைத்த உண்மைகளையும் நெஞ்சில் கொண்டு ஓதுவோமாக.